அராய்ச் சாவடியின் சீப்புக்காரி

கிவாவைப் பிடிக்கும் என்று சொன்ன பயணி ஒருத்தியைக்கூட நான் கண்டதில்லை. எங்கள் அராய் ஊரில் அவள் பார்த்த வேலை அப்படி.

கிழக்கே எடோவிலிருந்து மேற்கே கியோத்தோவுக்குப் போகிற தோக்காய்தோ பெருவழி, மைசாகாவில் வந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து ஏரிவாயைப் படகில் கடந்தால் மேற்கே இக்கரையில் நாங்கள். படகு வந்து ஒட்டுகிற இடமே அரசின் சோதனைச் சாவடி முற்றம். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் குனிந்துவிட்டுப் போய்விடலாம். பெண்கள் பயணச் சீட்டை நீட்ட வேண்டும். சீட்டில் எழுதியிருப்பவள்தானா வந்து நிற்பவள் என்று பார்க்க, பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய், கொண்டையை அவிழ்த்து, முடியைச் சீப்பால் பிரித்து, உச்சியில் தழும்பு உண்டா, பிடரியில் மச்சம் உண்டா என்று தேடுகிறவள் கிவா. முகம் மழுமழுவென்றிருக்கும் பையன்கள் வந்தால் அவர்களையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். கழுத்துப்பட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, ஆணா பெண்ணா என்று அவள் சொல்ல வேண்டும்.

சாவடி வேலிக்கு வெளியே என்னுடைய தேநீர்க் கடை. விலாங்கு மீனும் சுட்டுத் தருவேன். அவிழ்ந்த தலையோடு வெளியே வருகிற பெண்கள் நேரே என் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். கண்ணாடியும் சீப்பும் கொடுத்துத் தலை முடிய உதவுவேன். அவர்கள் வயிறெரிந்து திட்டுவதெல்லாம் என் காதில்தான் விழும்.

“அது கையா, நண்டுக் கொடுக்கா?” என்பாள் ஒருத்தி.

“என் புருஷன்கூட என்னை இவ்வளவு தேடினதில்லடி” என்பாள் இன்னொருத்தி.

சீப்புக்காரி என்றால் வழி நெடுகத் தெரியும். கிவா என்ற பெயர் எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவளும் அதே பெஞ்சுக்குத்தான் வருவாள். “குமே, இன்னிக்கு என்னடி திட்டினாளுங்க?” என்று கேட்டுக்கொண்டே காலை நீட்டுவாள்.

“நண்டுன்னாங்கக்கா.”

“நண்டா? பரவாயில்ல. போன மாசம் தேளுன்னாளுங்க.”

சிரிப்பாள். ஆனால் சாப்பிடும்போது கையை மடியில் ஒளித்து வைத்துக்கொள்வாள். அது அவளுக்கே தெரியாத பழக்கம்.

அவளுடைய கணவன் சாவடியில் ஈட்டி பிடித்து நின்ற காவலாள். வயிற்றுப்போக்கில் இளவயதிலேயே போய்விட்டான். கைக்குழந்தையோடு நின்றவளுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை இது. கூடவே சாவடியை ஒட்டி ஒரு சின்ன வீடு, மாதா மாதம் அரிசி. அந்தக் குழந்தைதான் சாயோ. என் கடையில் விளையாடி, என் கடையிலேயே தேநீர் ஊற்றி வளர்ந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை. படகோட்டியான என் கணவர் மோஹெய் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு துடுப்புப் போடுவார்.

மைசாகாவிலிருந்து எனக்கு விலாங்கு கொண்டுவருகிற யோகிச்சி என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. நல்ல பையன், வாய் ஓயாது பேசுவான். ஆனால் எங்கள் ஊரில் பெண்ணை அக்கரைக்குக் கொடுக்க யாருமே யோசிப்பார்கள். அக்கரை கண்ணுக்குத் தெரியும், அங்கே காயப்போட்ட வலைகூடத் தெரியும். ஆனாலும் ஒரு பெண் இங்கிருந்து அங்கே போகச் சீட்டு வேண்டும், அங்கிருந்து இங்கே வரவும் சீட்டு வேண்டும். வெகுதூரத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு இருக்கிற அதே சட்டம்தான் எங்களுக்கும்.

“போறதுக்கு ஒரு சீட்டு வாங்கிடலாம்டி” என்றாள் கிவா. “அப்புறம் அம்மாவைப் பார்க்கணும்னு தோணினா? அதுக்கு உன் மாமனார் முத்திரை வைக்கணும், ஊர்த்தலைவர் எழுதணும், பிரபு மாளிகையில மாசக்கணக்கா கெடக்கணும். தெரிஞ்சுதான் ஆசைப்படறியா?”

“அம்மா, வாசல்ல உட்கார்ந்திருக்கறது நீதானே. எனக்கென்ன பயம்?” என்றாள் சாயோ.

கிவாவே போய்ச் சீட்டுக்கு மனுப் போட்டாள். கல்யாணச் சீட்டு வந்த அன்று, எல்லாப் பெண்களையும் போலச் சாயோவும் அந்த அறைக்குள் போனாள். விதி விதிதான். மணப்பெண் கொண்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அவளே திரும்ப முடிந்து அனுப்பினாள் தாய். அன்றைக்கு மட்டும் மற்ற பெண்கள் வெகுநேரம் வெளியே நின்றார்கள். ஒருத்தியும் திட்டவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மோஹெய்தான். போகும்போது கிவா கொடுத்த ஊறுகாயைக் கொண்டுபோவார், வரும்போது சாயோ காயவைத்த கடற்பாசியைக் கொண்டுவருவார். “நல்லாயிருக்கா, கொஞ்சம் கறுத்திருக்கா” என்பார். “கறுப்பா? வெயில்ல நிக்காதேன்னு சொல்லுங்க” என்பாள் கிவா. இப்படியே வருஷங்கள் போயின. ஒருமுறைகூட ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஓர் இலையுதிர் காலப் புயலில் யோகிச்சியின் படகு ஏரிவாய்க்கு வெளியே கவிழ்ந்தது. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

சாயோவின் மாமனார் ஜின்பாச்சி முன்பே குடிகாரர். மகன் போனபிறகு குடி மட்டும்தான் மிச்சம். மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சீட்டுக் கேட்டு முத்திரை வையுங்கள் என்று மோஹெய் போய்க் கேட்டுப் பார்த்தார்.

“அவ என் வீட்டுப் பொண்ணு. அவ எங்க போகணும்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். கிழக்கே ஏதோ ஒரு ஊர்ச் சத்திரத்தில் அவளை வேலைக்கு விடப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று மைசாகாவில் ஜனங்கள் சொன்னார்கள். சத்திரத்தில் சோறு பரிமாறுகிற பெண் என்று பெயர். பரிமாறுவதோடு முடிகிற வேலை இல்லை என்பது இந்த வழியில் எல்லோருக்கும் தெரியும்.

மோஹெய் இதைச் சொன்னபோது கிவா என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தேநீர்க் கோப்பையை எடுக்கப்போனவள் அதற்குப் பக்கத்தில் வெறும் பலகையைத் தொட்டாள். அப்போதுதான் நான் அவள் கண்ணைக் கூர்ந்து பார்த்தேன். கருமணியின் மேல் கஞ்சி ஆடை மாதிரி படர்ந்திருந்தது.

“அக்கா, எப்பேர்ந்து இப்படி?”

“ரெண்டு வருஷமாச்சு. வெளியே சொல்லாதே. வேலை போனா வீடும் போயிடும். அவ என்னைக்காவது வந்தா எங்கே வருவா?” என்றாள். பிறகு, “விரல் இருக்கே. இந்த வேலைக்குக் கண்ணு எதுக்கு?” என்று சிரித்தாள்.

வசந்தம் வந்தது. ஈசே கோயிலுக்குப் போகிற கூட்டம் அந்த வருஷம் அலைமோதியது. வீட்டுக்குச் சொல்லாமல் ஓடிவருகிற பையன்கள், முதுகில் ஒரு பாய்ச்சுருள், கையில் பிச்சை வாங்க ஒரு அகப்பை, அவ்வளவுதான். கூடப் பெரியவர்கள் கிடையாது. சாமி காரியம் என்று சாவடியிலும் அவர்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள்.

ஒருநாள் மைசாகாத் துறையில் அப்படியொரு பையன் மோஹெயின் படகில் ஏறினான். நெற்றியில் முன்முடி தொங்கியது. தொப்பிக்குள் முகத்தைப் பார்த்ததும் மோஹெய் துடுப்பைக் கீழே வைத்தார்.

“சாயோ?” என்றார் மெதுவாக.

“இல்ல மாமா. என் பேரு தோகிச்சி. ஈசேக்குப் போறேன்.”

“தோகிச்சின்னா என்னை ஏன்டா மாமாங்கிறே?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னாளாம்: “நாளைக்கு என்னைக் கொண்டுபோய் விடப் போறாங்க மாமா. அதான் முடியை வெட்டிக்கிட்டேன். அவரோட சட்டைதான் இது. அம்மா பார்த்துக்குவா. ‘ஆண்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் அப்படியே நடந்து போயி மேற்கே எங்கேயாவது இருந்துக்குவேன். அம்மா ஒரு நாள் வந்து பார்ப்பா. மேற்கே போக அவளுக்குச் சாவடி கிடையாதே.”

எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தாள். தாயின் கண்ணைப் பற்றி மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கூடாது என்று கிவா எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கியிருந்தாள். மோஹெயும் அந்த நேரத்தில் அதை நினைக்கவில்லை. படகு நிறைய ஜனம், எதிர்க்காற்று, அவருடைய கவலையெல்லாம் இவள் முகத்தை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாதே என்பதுதான்.

சாவடியில் அன்று தோகுரா என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். பையன் கூட்டத்தைப் பார்த்து, “அந்த வெள்ளை மூஞ்சிங்க நாலஞ்சு பேரை மட்டும் உள்ளே அனுப்பு” என்றார். சாயோவும் அதில் ஒருத்தி. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. துள்ளிக்கொண்டு உள்ளே போகிறானே, இந்தப் பையனுக்குக் கூச்சமே இல்லையா என்றுதான் நினைத்தேன்.

அந்த அறைக்குள் நடந்ததைக் கிவா எனக்கு ஒரே ஒருமுறை சொன்னாள்.

காலையிலிருந்து அவளுக்கு ஓய்வில்லை. காகிதம் ஒட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் காவலாள் உட்கார்ந்திருந்தான். முதலில் வந்த பையன்கள் கூச்சத்தில் நெளிந்தார்கள். இவன் வந்து அசையாமல் நின்றான். முகத்தை நிமிர்த்திக் காட்டினான். சிரித்திருப்பாள் போலிருக்கிறது. கிவாவுக்குத் தெரிந்தது வெளுப்பாக ஒரு வட்டம், அதன் மேல் முன்முடியின் நிழல். கை தானாகக் கழுத்துப்பட்டிக்குள் போனது. வாய் தானாகத் திறந்தது. எத்தனையோ வருஷமாகச் சொல்கிற மாதிரியே, கதவுப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்:

“பெண்!”

“அம்மா” என்றது அந்தப் பையன்.

கதவு திறந்தது. கிவா மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, “ஐயா, வாய் தவறிப்போச்சு. ஆண்தான். நான் கெழவி, கை மரத்துப்போச்சு, ஆண்தான் ஐயா” என்று கத்தினாள். அந்தக் கத்தல்தான் என் கடைவரை கேட்டது. தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு வேலியருகே ஓடினேன்.

ஆண் வேஷத்தில் ஒரு பெண் சாவடியைத் தாண்டினால் சிலுவை மரத்தில் கட்டிக் குத்திக் கொல்வார்கள். துணை போனவர்களுக்கும் அதே கதி. தோகுரா எழுந்து உள்ளே போனார். தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். சாவடி ஓரத்தில் வளர்ந்தவளை அவருக்கும் தெரியும், என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இந்தப் பொண்ணு வழி தவறி வந்திருக்கு” என்றார், முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. “புருஷன் செத்த துக்கத்துல புத்தி தடுமாறியிருக்கு. எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பட்டும். அதே படகுல ஏத்துங்க.”

கிவா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, ஒரே ஒரு ராத்திரி. என் வீட்டுல ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போகட்டும்.”

“ஏம்மா” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “இதுவரைக்கும் நான் எதையும் கேக்கல. இன்னொரு வார்த்தை பேசினா, எல்லாத்தையும் கேட்டதா ஆயிடும். அவ உயிரோட போகட்டும், விடு.”

அவர் கெட்டவர் இல்லை. அன்று அவரால் செய்ய முடிந்தது அதுதான் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அதை யாரிடம் சொல்லி ஆறுதல் தேடுவது?

துறைப்படி வரை கிவாவை விட்டார்கள். சாயோ படகில் காலை வைத்தவள், திரும்பி வந்து தாயின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“அம்மா, உனக்குக் கண்ணு தெரியலையா?”

கிவா அந்தக் கைகளைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாதேம்மா. தெரிஞ்சிருந்தா உள்ளே வந்ததும் கூப்பிட்டிருப்பேனே. ஐயோ, தெரியாமப் போச்சே” என்றாள் சாயோ. தன்னைக் காட்டிக்கொடுத்தவளிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். அதைத்தான் கிவாவால் கடைசிவரை தாங்க முடியவில்லை.

படகைத் திருப்பி ஓட்டியது மோஹெய். வழியெல்லாம் அந்தப் பெண் அராய்க் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாளாம்.

மறுநாள் காலை கிவா அதிகாரியிடம் போய், “எனக்குக் கண்ணு போயிடுச்சு. வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். ரென் என்கிற இளம்பெண் அந்த வேலைக்கு வந்தாள். வீடும் போனது. என் கடையின் பின்னறைக்கு வந்துவிடு என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். பகலெல்லாம் அவள் பாத்திரம் கழுவினாள். பயணிகள் தலை முடிந்துகொண்டே புதுப் பெண்ணைத் திட்டுவார்கள். கிவா எழுந்து பின்பக்கம் போய்விடுவாள்.

சாயோவை எங்கே கொண்டுபோய் விட்டார் என்று ஜின்பாச்சி சொல்லவில்லை. “கிழக்கே” என்பார், அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிகிற சமயம், மருந்து விற்கிற ஒருவன் சாவடியில் “இங்கே சீப்புக்காரி யாரு?” என்று கேட்டிருக்கிறான். ரென் அவனை என் கடைக்கு அனுப்பினாள். அவன் மடியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தான். உள்ளே கண் களிம்பு.

“கிழக்கே ஃபுக்குரோய் ஊர்ல ஒரு சத்திரத்துப் பொண்ணு என்கிட்டயே வாங்கி என்கிட்டயே குடுத்தனுப்பிச்சுது” என்றான். “காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் போடச் சொன்னா. அழுகக் கூடாதாம், அழுதா மருந்து கரைஞ்சு போயிடுமாம். அதையும் சொல்லச் சொன்னா.”

“வேற ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டாள் கிவா.

“நல்லாயிருக்கேன்னா. ஆனா லேசா இருமல் இருந்தது.”

அவன் போனபிறகு கிவா அந்தச் சிப்பியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே கிழக்கே போகச் சீட்டுக் கேட்டு மனுப் போட்டாள். தோகுராவும் தன்னால் ஆனதைச் செய்தார். ஆனாலும் முதல் பனி விழுந்தபிறகுதான் சீட்டு வந்தது. அதற்குள் களிம்பு தீர்ந்துபோயிருந்தது. கண்ணில் மாற்றமில்லை. “கொஞ்சம் தெளிஞ்சிருக்குடி” என்று மட்டும் எப்போதும் சொல்வாள்.

புறப்படுகிற அன்று அவளும் அந்த அறைக்குள் போக வேண்டியிருந்தது. ரென் அவளுடைய நரைமுடியைத் தொடவே தயங்கினாள்.

“அக்கா, நீங்க சும்மா போங்க.”

“சரியாப் பாருடி. காதுக்குப் பின்னாடியும் பாரு. சும்மா விட்டேன்னு நாளைக்கு உன் பேரு கெடக் கூடாது” என்றாளாம் கிவா.

கண் தெரியாதவளைத் தனியாக அனுப்ப முடியாது. மோஹெய் கூடப் போனார். மைசாகா, பிறகு நெடுக பைன் மரங்கள் நிற்கிற சாலை, தென்ரியூ ஆற்றில் படகு, இப்படி இரண்டாம் நாள் சாயங்காலம் ஃபுக்குரோய் போய்ச் சேர்ந்தார்கள். சத்திர வாசலில் ஒரு பெண் ஓடிவந்து கிவாவின் முன்கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க பாட்டி, வெந்நீர் தயாரா இருக்கு! எதிர் வீட்டுக்குப் போனா மூட்டைப்பூச்சிதான் உங்களைத் தூக்கிட்டுப் போகும்!”

“நான் தங்க வரலம்மா. அராய்லேருந்து வந்த பொண்ணு, சாயோன்னு...”

அந்தப் பெண் பிடித்த கையை விடவில்லை. ஆனால் இழுப்பதை நிறுத்திவிட்டாள். “நீங்க கண்ணு தெரியாத அம்மாவா?” என்றாள்.

குளிர் தொடங்கியதும் சாயோவின் இருமல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டதாம். இரத்தமாகக் கக்கினாளாம். மேற்கே போகிற பயணி யார் வந்து தங்கினாலும், அராயில் அம்மாவைப் பார்த்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வாளாம். மருந்துக்காரனைத் தவிர ஒருவனும் எங்கள் கடைக்கு வரவில்லை. சீப்புக்காரியிடம் போய் நின்று பேச யாருக்கு மனசு வரும்? கிவா வந்து சேர்வதற்குச் சில நாள் முன்னால்தான் எல்லாம் முடிந்திருந்தது.

சத்திரத்துப் பெண்களைப் புதைக்கிற இடம் கோயிலுக்குப் பின்னால் மூங்கில் சரிவில் இருந்தது. கல் கிடையாது. எந்த மேடு என்று அந்தப் பெண்தான் காட்டினாள். கிவா மண்ணைக் கையால் தடவினாள், தலையிலிருந்து கால் வரை மகளையே தடவுவதுபோல. பிறகு கோயில் துறவியிடம் போய்த் தலையை மழித்துவிடச் சொன்னாள்.

மோஹெய் பதறிப்போனார். “அக்கா, வேணாம். உங்க சீட்டுல ‘தலைமுடி உள்ள பெண்’னுதான் எழுதியிருக்கு. மொட்டைத் தலையோட வந்தா துறவிப் பெண்ணுக்கு வேற சீட்டு கேப்பாங்க. திரும்ப விடமாட்டாங்க.”

“எனக்குத் தெரியாதா மோஹெய்?” என்றாள் அவள். “இப்படி வந்த எத்தனை பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கேன். நீங்க கெளம்புங்க. குமே தனியா இருப்பா.”

அவர் தனியாகத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது நான் அவரைத்தான் ஏசினேன். கையைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்றேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து அழுதார்.

கிவா அந்தக் கோயில் சமையற்கட்டில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டு இருந்தாள் என்று அவ்வப்போது தெரிந்தவர்கள் சொல்வார்கள். பார்வை முழுவதும் போய்விட்டதாம். போய்ப் பார்த்துவர நானும் சீட்டுக் கேட்டேன். என்ன உறவு என்று கேட்டார்கள். பக்கத்து வீடு, சிநேகிதி என்றேன். அதற்கெல்லாம் சீட்டு இல்லை என்றார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு மதியம், துறையிலிருந்து மோஹெய் வேகமாக வந்தார். ஃபுக்குரோயிலிருந்து வந்த கயிற்று வியாபாரி சொன்னானாம். கிவா போய்விட்டாள். அதே சரிவில், மகளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்களாம்.

கடையில் எடோக்காரி ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து தலை முடிந்துகொண்டிருந்தாள். நான் அடுப்பருகே நின்று அழுவதைப் பார்த்துவிட்டு, “என்னாச்சுங்க?” என்று கேட்டாள்.

“எங்க அக்கா செத்துப்போச்சு” என்றேன்.

“கூடப் பிறந்தவங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.